தயிர் சாதம் போதுமா டாமிக்கு?

*வீட்டுச் சமையலில் வளரும் செல்ல நாய்கள்: தட்டில் இருப்பதும் இல்லாததும்*

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. கோழிக்கடை வாசலில் கூட்டம். கட்டையில் கத்தி விழும் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண்ணின் குரல்.

"பாய், நாய்க்கு ஒரு கிலோ."

"ஈரல் தீர்ந்துடுச்சுக்கா. கழுத்தும் காலும் போடட்டா?"

"கழுத்து வேணாம், தொண்டையில மாட்டிக்கும். கால் போடுங்க. கொஞ்சம் தோலும் சேர்த்துப் போடுங்க, அது இல்லன்னா தட்டுகிட்டயே வர மாட்டேங்குது."

சென்னை, மதுரை, கோவை என்று எந்த ஊர்க் கோழிக்கடையிலும் ஞாயிறு காலையில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். கறுப்புப் பையோடு வீடு திரும்பியதும் நாய்க்கென்று ஒதுக்கிய பழைய குக்கர் அடுப்பில் ஏறும். ஒரு டம்ளர் குருணை, கோழிக்கால், நறுக்கிய கேரட், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். உப்பு கிடையாது, காரம் கிடையாது. விசில் அடங்குவதற்குள் நாய் சமையலறை வாசலில் வந்து படுத்துவிடும். ஆறவைத்து, பிசைந்து, எலும்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டுத் தட்டில் வைக்கிறார்கள். தான் பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு பொறுமையாக ஊட்டியதில்லை என்று சொல்லும் அம்மாக்கள் உண்டு.

நாய்க்கு வீட்டில் சமைத்துப் போடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அதைப் பற்றிய விவாதம்தான் புதிது. பாக்கெட் உணவில் என்னதான் கலக்கிறார்களோ என்ற சந்தேகம் ஒரு பக்கம்; "நாயின் தட்டு" என்று கைப்பேசியில் ஓடும் ஒரு நிமிட வீடியோக்கள் இன்னொரு பக்கம். அடுக்குமாடி வளாகத்தில் மாலை நடைக்கு நாயைக் கூட்டிவரும் இருவர் சந்தித்தால் இரண்டாவது கேள்வியே "உங்களுது என்ன சாப்பிடுது?" என்பதுதான்.

சமைப்பவர்களின் அன்பில் எந்தக் குறையும் இல்லை. குறை தட்டில் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத குறை. மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் உள்ளேயே வேலை செய்யும் குறை.

அந்தக் காலத்து நாய் வேறு

"எங்க தாத்தா வீட்டு நாய் பழைய சோறும் மோரும் தின்னே பன்னிரண்டு வருஷம் இருந்துச்சு." இந்த வாதத்தைக் கேட்காத கால்நடை மருத்துவர் இருக்க முடியாது. அந்தத் தாத்தா உண்மையைத்தான் சொல்கிறார். ஆனால் அந்த நாய் வீட்டுச் சோற்றை மட்டும் தின்று வளரவில்லை. வயலில் எலி பிடித்தது. வேலியோரத்தில் ஓணான் தின்றது. மீன் தலை, கோழிக் குடல், கறி வெட்டிய இடத்தில் விழுந்த எலும்பு, கோழி இட்டு மறந்த முட்டை என்று ஊர் முழுக்க அதற்கு இலை போட்டிருந்தது. வீட்டில் விழுந்த கவளம் அதன் சாப்பாட்டில் ஒரு பகுதிதான். அப்படியும் பிழைக்காமல் போன குட்டிகளை யாரும் கணக்கில் வைத்ததில்லை.

மூன்றாவது மாடியில் வளரும் லேப்ரடாருக்கு அந்த வழி எதுவும் இல்லை. நாம் தட்டில் வைப்பது மட்டுமே அதன் உலகம். அதில் ஒரு சத்து இல்லையென்றால், வேறெங்கும் போய் அது தேடிக்கொள்ள முடியாது.

இன்னொரு கோடியில் நிற்பவர்கள், "நாய் ஓநாயின் வம்சம், அதற்குச் சோறே ஆகாது, பச்சைக்கறிதான் போட வேண்டும்" என்கிறார்கள். இதுவும் சரியல்ல. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் நாயின் மரபணுவை ஓநாயின் மரபணுவோடு ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிகள்தான். நாய்க்கு நான்கிலிருந்து முப்பது வரை இருந்தன. மனிதனோடு வாழ்ந்து, மனிதன் தின்ற தானியத்தைத் தின்று, அதற்கேற்ப உடம்பையே மாற்றிக்கொண்ட பிராணி நாய். நன்றாக வெந்த சோறு அதற்கு ஒத்துக்கொள்ளும். சோறு மட்டும் போதாது என்பதுதான் விஷயம்.

ஒரு தட்டுச் சோற்றின் கணக்கு

நம் ஊரில் "நல்ல சாப்பாடு" என்று பலரும் நினைக்கும் தட்டையே எடுத்துக்கொள்வோம். பத்துக் கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, வளர்ந்த நாய் ஒன்று. ஒரு நாளைக்கு 200 கிராம் வெந்த சோறு, 150 கிராம் எலும்பில்லாத வெந்த கோழிக்கறி, 50 கிராம் கேரட்டும் பீன்ஸும், இரண்டு டீஸ்பூன் எண்ணெய். இதில் சுமார் 600 கலோரி கிடைக்கும். அந்த நாய்க்குத் தேவையும் ஏறக்குறைய அவ்வளவே. புரதம் தாராளம். நாய் நக்கித் தின்னும், மலம் இறுகும், முடி கொஞ்ச நாளைக்குப் பளபளக்கும். பார்ப்பவர்களும் பாராட்டுவார்கள்.

இப்போது சுண்ணாம்புச் சத்தைக் கூட்டிப் பாருங்கள். சோற்றில் இருபது மில்லிகிராம், கறியில் இருபது, காய்கறியில் இருபது. மொத்தம் அறுபது மில்லிகிராம் அளவில் வந்து நிற்கும். நாய் உணவுக்கு அளவுகோல் வகுத்துத் தரும் அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கத்தின் கணக்குப்படி அந்த நாய்க்கு வேண்டியது ஏறத்தாழ 790 மில்லிகிராம். பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. நூறு கிராம் தயிர் சேர்த்தாலும் மொத்தம் இருநூறைத் தொடாது.

சிக்கல் அதோடு முடியவில்லை. கறியில் பாஸ்பரஸ் நிறைய. சுண்ணாம்பு மிகக் குறைவு. உணவில் ஒரு பங்கு பாஸ்பரஸுக்குக் குறைந்தது ஒரு பங்காவது சுண்ணாம்பு இருக்க வேண்டும். மேலே சொன்ன தட்டில் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு ஆறேழு பங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. "நிறையக் கறி போடுறேனே" என்று சொல்பவர், தெரியாமலே அந்த இடைவெளியை இன்னும் பெரிதாக்குகிறார்.

கறியே சேர்க்காத வீட்டுத் தயிர் சாதத்தின் கதை வேறு. அதே 600 சொச்சம் கலோரிக்குத் தயிர் சாதம் தின்றால், நாய்க்குத் தேவையான புரதத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் சேரும். அதோடு துத்தநாகம், தாமிரம், வைட்டமின் டி, வைட்டமின் ஈ என்று ஒவ்வொன்றாகக் குறையும். நாய்க்குச் சைவம் அறவே ஆகாது என்பதில்லை. கவனமாக வகுத்த சைவ உணவில் நாய் நலமாக வாழ முடியும். பூனைக்குத்தான் அது ஆபத்து. ஆனால் "கவனமாக வகுத்த" என்பதற்குள் தயிரும் சோறும் மட்டும் அடங்காது.

வெயிலில் படுத்தால் வைட்டமின் டி வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. மனிதத் தோல் செய்யும் அந்த வேலையை நாயின் தோலால் போதுமான அளவு செய்ய முடியாது. அது உணவில்தான் வந்தாக வேண்டும்.

கேழ்வரகு போடலாமே என்பார்கள். நல்ல யோசனை, 100 கிராம் கேழ்வரகு மாவில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்பு இருக்கிறது. ஆனால் அதிலுள்ள ஃபைட்டேட், சுண்ணாம்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு முழுவதுமாக உடம்பில் சேரவிடாது. கூழ் நல்ல துணை. அதை மட்டும் நம்பிக் குட்டியை வளர்க்கக் கூடாது.

அப்படியானால் புத்தகத்தில், இணையத்தில் உள்ள செய்முறைகள்? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2013-இல் 34 இடங்களிலிருந்து 200 செய்முறைகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். வளர்ந்த நாய்க்குத் தேவையான எல்லாச் சத்தும் குறைந்தபட்ச அளவிலாவது இருந்தவை 9 மட்டுமே. அந்த ஒன்பதில் எட்டு, கால்நடை மருத்துவர்கள் எழுதியவை. நூற்றுக்கு 83 செய்முறைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட சத்துகள் குறைவு. "தினம் ஒரு மெனு மாத்திப் போட்டா சரியாயிடும்" என்ற சமாதானமும் அங்கே உடைந்தது. பல செய்முறைகளில் ஒரே சத்துகள்தான் குறைந்திருந்தன. மாற்றி மாற்றிப் போட்டாலும் அதே ஓட்டை அப்படியே இருக்கும்.

---
பெட்டிச் செய்தி: உங்கள் நாய்க்கு எத்தனை கலோரி?

வளர்ந்த, கருத்தடை செய்த, வீட்டில் வளரும் நாய்க்கு ஒரு நாள் தேவை, தோராயமாக:

10 கிலோ: 630 கலோரி
20 கிலோ: 1,060 கலோரி
30 கிலோ: 1,440 கலோரி

எடை மூன்று மடங்கானால் சாப்பாடு மூன்று மடங்காகாது. இரண்டேகால் மடங்கு போதும். குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது, அவற்றுக்கு அதிகம் வேண்டும். 100 கிராம் வெந்த சோறு 130 கலோரி; ஒரு முட்டை 70 சொச்சம்; ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40.

---

எலும்பிலிருந்து வாங்கும் கடன்

உணவில் சுண்ணாம்பு குறைந்தால் நாய் அன்றே சோர்ந்துவிடாது. இதயம் துடிக்கவும் தசை இயங்கவும் ரத்தத்தில் சுண்ணாம்பு ஒரே அளவில் இருந்தாக வேண்டும். அளவு இறங்கும்போது கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொண்டு, எலும்பைக் கரைத்து ரத்தத்துக்குக் கொடுக்கின்றன. தினமும் இந்தக் கடன் வாங்கப்படுகிறது. திருப்பித் தர உணவில் எதுவும் இல்லை. அதனால்தான் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். "டெஸ்ட் நார்மல்" என்று வீட்டுக்காரர் நிம்மதியாகத் திரும்பும் நேரத்தில், எக்ஸ்ரேயில் எலும்பு காகிதம்போல் மெலிந்து தெரியும்.

வளர்ந்த நாயின் எலும்பில் இருப்பு அதிகம். பல மாதம், ஏன், வருடம்கூடத் தாங்கும். குட்டிக்கு அந்த அவகாசம் இல்லை. இரண்டு மாதக் குட்டியாக வீட்டுக்கு வந்து, கோழிக்கறியும் சோறுமாக வளரும் பெரிய இன நாய்க்குச் சில வாரங்களிலேயே முன்னங்கால் வளையத் தொடங்கும். தூக்கினால் கத்தும். படியேறாது. சோபாவிலிருந்து குதித்ததில் கால் முறியும், "இந்த உயரத்துலேர்ந்து விழுந்தா காலு ஒடியும்?" என்று வீடே திகைக்கும். இடுப்பெலும்பு நசுங்கினால் மலம் கழிக்கவே திணறும். சீக்கிரம் கண்டுபிடித்து உணவைச் சரிசெய்தால் எலும்பு தேறிவிடும். நசுங்கிய இடுப்பு மட்டும் பழைய வடிவத்துக்கு வராது.

பயந்துபோய் எதிர்ப்பக்கம் ஓடுபவர்களும் உண்டு. கடையில் கால்சியம் டானிக்கை வாங்கி, சமச்சீரான பாக்கெட் உணவின் மேலேயே இஷ்டத்துக்கு ஊற்றுவார்கள். கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்கு அதிகப்படியான சுண்ணாம்பும் மூட்டையும் எலும்பையும் கோணலாக்கும். குறைவைப் போலவே மிகையும் கேடுதான்.

குட்டி போட்ட பொமரேனியன் போன்ற சிறிய இனத் தாய்க்கு வேறு ஆபத்து. பால் சுரப்பு உச்சத்தில் இருக்கும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ரத்தத்தில் சுண்ணாம்பு திடீரென்று சரியும். மூச்சு வாங்கும், கால் விறைக்கும், நடுங்கும், வலிப்பு வரும். அது அவசரம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடக் கூடாது.

தோலில் தெரியும் குறையும் உண்டு. தானியமே பிரதானமாகத் தின்னும் நாய்க்குத் துத்தநாகம் குறைந்தால் கண்ணைச் சுற்றி, வாயோரம், முழங்கையில் தோல் தடித்துப் பொருக்குத் தட்டும். வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள், வேப்பிலை அரைத்துப் பூசுவார்கள், ஷாம்பூ மாற்றுவார்கள். தட்டைப் பற்றி மட்டும் யாருக்கும் சந்தேகம் வராது.

குறையைப் பற்றியே பேசிவிட்டோம். நம் வீட்டு நாய்களைத் துரத்தும் அடுத்த தொல்லை மிகை. சோறு ஒரு கரண்டி கூட, மாலையில் டீக்கடைப் பொறை, நாம் டீ குடிக்கும்போது அது பார்த்த பார்வைக்கு ஒரு குளுக்கோஸ் பிஸ்கட். 2002-இல் வெளியான ஒரு நெடுநாள் ஆய்வில் 48 லேப்ரடார்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்தார்கள். மெலிந்திருந்தவை ஏறக்குறைய 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுவலி, மருந்து என்ற நிலையும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. நாயின் ஆயுளில் இரண்டு வருடம் என்பது பெரிய காலம்.

சாம்பார், ரசம், பாயசம்

தனியாகச் சமைக்காமல் வீட்டில் மிஞ்சியதைப் போடும் வழக்கம் இன்னும் பரவலாக இருக்கிறது. அங்கே ஆபத்து வேறு விதம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வதக்கினாலும் வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. தின்ற அன்று ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் கறுக்கும். வெங்காயம் இல்லாத சாம்பார் நம் வீட்டில் ஏது?

திராட்சையும் உலர்திராட்சையும் நாய்க்குச் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்ததுதான். காரணம் மட்டும் பிடிபடாமல் இருந்தது. அமெரிக்காவில் வீட்டிலேயே செய்த விளையாட்டு மாவைத் தின்ற நாய் ஒன்றுக்கு, திராட்சை தின்ற நாய்க்கு வருவது போலவே சிறுநீரகம் கெட்டது. அந்த மாவில் டார்டாரிக் அமில உப்பு கலந்திருந்தது. திராட்சையில் நிறைந்திருக்கும் அமிலமும் அதுவே. இந்தத் தொடர்பை அங்குள்ள விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மைய மருத்துவர்கள் 2021-இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் விரிவாக எழுதியபோது அந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்தது: புளி.

நமக்கு இது முக்கியமான செய்தி. புளியில் டார்டாரிக் அமிலம் மிக அதிகம். ஒரு கை ரசம் சாதம் தின்ற நாய்க்கெல்லாம் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று சொல்லவில்லை. எந்த நாய்க்கு எந்த அளவு தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் பிரச்சினை. புளியோதரையும் காரக்குழம்பும் ரசமும் நாயின் தட்டுக்குத் தேவையே இல்லை. விருந்து நாளில் மிஞ்சிய பாயசத்திலும் கேசரியிலும் சர்க்கரைப் பொங்கலிலும் உலர்திராட்சை கிடக்கும். பொறுக்கி எடுத்துவிட்டுப் போடலாம் என்று துணிய வேண்டாம்.

---
பெட்டிச் செய்தி: தட்டில் விழக் கூடாதவை

வெங்காயம், பூண்டு: எந்த வடிவிலும்.
திராட்சை, உலர்திராட்சை, புளி.
சாக்லேட், காபி: கறுப்பு சாக்லேட்டில் ஆபத்து அதிகம்.
ஸைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய், சூயிங்கம்: ரத்தச் சர்க்கரை சட்டென்று சரியும், ஈரலும் கெடும்.
வெந்த எலும்பு: சில்லுசில்லாக உடைந்து குடலைக் குத்தும்.
மாங்கொட்டை, சோளக்கட்டை: குடலை அடைக்கும், அறுவை சிகிச்சைதான் வழி.
பிரியாணி மிச்சம், கறிக்கொழுப்பு: கணையம் வீங்கும். பண்டிகைக்கு மறுநாள் வாந்தியோடு வரும் நாய்களுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.
பூஞ்சை பிடித்த நிலக்கடலை, மக்காச்சோளம், பழைய ரொட்டி.

---

பாக்கெட்டை நம்பலாமா?

நாய்க்கென்று தனி பிஸ்கட் செய்து விற்கும் தொழில் 1860-களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் தொடங்கிவைத்தது. இன்று உலகெங்கும் பரவிவிட்ட அந்தத் தொழிலின் மீது அவநம்பிக்கைக்கும் காரணம் உண்டு. 2007-இல் சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் கலந்திருந்ததால் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. ஆறு கோடிக்கும் மேற்பட்ட டப்பாக்களும் பைகளும் திரும்பப் பெறப்பட்டன. அங்கே பலர் வீட்டுச் சமையலுக்குத் திரும்பியதற்கு அந்த ஆண்டு பெரிய காரணம். 2018-இல் தானியமில்லா நாய் உணவுக்கும் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் விசாரணை தொடங்கியது. இன்னும் முடிவான விடை இல்லை.

ஆனாலும் என் தீர்ப்பு இதுதான்: "முழுமையானது, சமச்சீரானது" என்று அச்சிட்ட, நம்பகமான பாக்கெட் உணவு, கணக்கில்லாத வீட்டுச் சோற்றைவிடப் பாதுகாப்பானது. குட்டிக்கு இதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. மூட்டையைப் பிரித்து லூஸில் எடைபோட்டு விற்பதை மட்டும் வாங்காதீர்கள். நம் ஊர் வெயிலிலும் மழைக்காலப் புழுக்கத்திலும் அதன் கொழுப்பு சிக்குவாடை அடிக்கும், பூஞ்சை பிடிக்கும். எப்போது தயாரானது என்றும் தெரியாது.

கணக்கோடு செய்த வீட்டுச் சமையலுக்கு வேறு எதுவும் ஈடாகாத இடமும் உண்டு. உணவு ஒவ்வாமையால் இரவெல்லாம் சொறிந்துகொள்ளும் நாய்க்கு, அது இதுவரை தின்றிராத ஒரே ஒரு கறியும் ஒரே ஒரு மாவுப்பொருளும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதுதான் நோயைக் கண்டறியும் வழி. சிறுநீரகம் தளர்ந்த கிழ நாய்க்குப் பாஸ்பரஸ் குறைந்த சாப்பாடு, கணையம் வீங்கிய நாய்க்குக் கொழுப்புக் குறைந்த சாப்பாடு, இரண்டும் சேர்ந்து வந்த நாய்க்கு எந்தப் பாக்கெட்டிலும் கிடைக்காத சாப்பாடு. சோற்றையே வெறுத்த நாய், வீட்டில் வெந்த கறியின் வாசனைக்கு எழுந்து வந்து தின்பது பல வீடுகளில் நடப்பதுதான்.

சமைப்பது என்று முடிவெடுத்தால்

முதலில் ஒரு தராசு வாங்குங்கள். டம்ளரும் கைப்பிடியும் நாளுக்கு நாள் மாறும். கால்நடை மருத்துவரிடம் நாயின் எடை, வயது, நோய் எல்லாம் சொல்லிச் செய்முறையைக் கிராம் கணக்கில் எழுதி வாங்குங்கள். அதில் கால்சியமும், நாய்க்கான வைட்டமின், தாதுக் கலவையும் இல்லையென்றால் அது முழுச் செய்முறை அல்ல. கோழிக்காலைக் குக்கரில் மசிய வேகவைத்து எலும்போடு பிசைந்து போடுபவர்களுக்குச் சுண்ணாம்பு ஓரளவு கிடைக்கும். எவ்வளவு என்று அளக்க முடியாது, வேகாத சில்லு ஒன்று தப்பினாலும் ஆபத்து. முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்து, காயவைத்து, மாவாக அரைத்தால் ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்பு கிடைக்கும். பத்துக் கிலோ நாய்க்கு அரை டீஸ்பூனுக்குள்ளேயே தேவை தீர்ந்துவிடும். செலவே இல்லாத நல்ல வழி. ஆனால் துத்தநாகமும் அயோடினும் வைட்டமின் டி-யும் முட்டை ஓட்டில் வராது.

ஈரல் நல்லதுதான், மலிவும்கூட. தினமும் அதையே போட்டால் வைட்டமின் ஏ மிஞ்சி எலும்பையும் மூட்டையும் பாதிக்கும். மொத்த உணவில் இருபதில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். பச்சைக்கறி வேண்டவே வேண்டாம். அதிலுள்ள சால்மொனெல்லா கிருமி நாயைவிட அதன் வாயைத் தொட்டு விளையாடும் குழந்தைக்கும் வீட்டிலுள்ள முதியவருக்கும் கேடு. புது உணவுக்கு ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாளடைவில் செய்முறை தேய்வதுதான் பெரிய தொல்லை. மருந்துக் கடையில் அந்தப் பொடி இல்லை என்று ஒரு வாரம் விடுவோம். எண்ணெய் எதற்கு என்று நிறுத்துவோம். ஆறு மாதத்தில் பழைய குருணைச் சோறும் கோழிக்காலும் மட்டும் மிஞ்சும். அந்த ஒழுங்கைக் காக்க முடியாது என்று தோன்றினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாக்கெட் உணவையே பிரதானமாக வைத்து, நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் உங்கள் கையால் சமைத்ததைக் கொடுங்கள். வெந்த முட்டை, பூசணி, தயிர், எலும்பில்லாத மீன். அந்த அளவுக்குள் சமச்சீர் குலையாது. உங்கள் கைமணத்தின் ருசியும் நாய்க்குக் குறையாது.

தமிழ்நாட்டில் ஒரு கால்நடைப் பல்கலைக்கழகம் 1989 முதல் இயங்குகிறது. அதன் கீழுள்ள வேப்பேரி கல்லூரி 1903-இல் தொடங்கியது. நம் அரிசி, நம் கேழ்வரகு, நம் சந்தையில் கிடைக்கும் கோழியையும் மத்தியையும் வைத்து, சத்துக் கணக்குப் பார்த்த பத்துச் செய்முறைகளைக் கிராம் அளவோடு தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் கிடைக்கச் செய்ய அங்குள்ள ஊட்டவியல் அறிஞர்களால் முடியும். அதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தடுப்பூசி போடப் போகும்போது, உங்கள் நாய் ஒரு நாளில் தின்பது அத்தனையையும், மாலைப் பொறையும் பிஸ்கட்டும் உட்பட, எடைபோட்டு ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். தடுப்பூசி அட்டையோடு அந்தத் தாளையும் மருத்துவரிடம் கொடுத்து, "இதுல என்ன குறையுது டாக்டர்?" என்று கேளுங்கள்.